நூற்றியொன்றாவது பிரதி

நான் விற்கும் படங்களின் அடியில், இடது ஓரத்தில், பென்சிலால் ஒரு பின்னம் எழுதியிருப்பேன். 37/100 என்பது போல. வலது ஓரத்தில் கையெழுத்து. அத்தை ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, "என்னடி இது, மார்க்கு போட்டு வச்சிருக்க? முப்பத்தேழுன்னா ஜஸ்ட் பாஸ்தான" என்றார். நூறு பிரதிதான் போடுவேன், இது முப்பத்தேழாவது என்று விளக்கினேன். "நூறோட ஏன் நிறுத்தணும்? மிஷின் ரிப்பேரா?"

மிஷின் ரிப்பேர் இல்லை. அதுதான் சிக்கலே.

ஏழு வருடமாக மதுரையில் வீட்டு மாடியறையிலிருந்து இணையத்தில் படக்கடை நடத்துகிறேன். கடை என்றால் ஷட்டர் கிடையாது, பலகை கிடையாது. ஒரு மேசை, ஒரு டேப்லெட், சுவரோரம் அடுக்கிய அட்டைக் குழாய்கள், பட்டர் பேப்பர் ரோல், முகவரி ஒட்டும் ஸ்டிக்கர். பழைய கட்டடங்களை வரைவது என் வேலை. வரைவது டேப்லெட்டில் என்பதால் 'அசல்' என்று ஒரு தாள் எங்கும் இல்லை. ஒரு கோப்பு இருக்கிறது. அந்தக் கோப்பிலிருந்து நூறும் எடுக்கலாம், நூறாயிரமும் எடுக்கலாம். கடைசிப் பிரதியில் ஒரு கோடுகூட மழுங்காது.

ஒரு காலத்தில் மழுங்கியது. பிரதிகளுக்கு எண் போடும் பழக்கத்துக்குப் பின்னால் ஓர் உலோகத்தின் களைப்பு இருக்கிறது. செப்புத் தகட்டில் ஊசியால் நேரடியாகக் கீறி எடுக்கும் படங்களில், கீறலின் ஓரத்தில் எழும் மெல்லிய பிசிறுதான் அந்த வெல்வெட் கறுப்பைத் தருகிறது. அச்சு உருளை ஏறி இறங்க இறங்கப் பிசிறு நசுங்கிப் போகும். சில பத்துப் பிரதிகளிலேயே வித்தியாசம் தெரியும். மரப்பலகையும் அப்படித்தான். ஹொகுசாயின் பேரலைப் படம் 1831 வாக்கில் வந்தது. ஆயிரக்கணக்கில் அச்சடித்து, சாதாரண ஜனங்கள் வாங்கக்கூடிய விலையில் விற்றார்கள். இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் பிரதிகளை ஒப்பிட்டால், பிந்தையவற்றில் கோடுகள் தேய்ந்தும் உடைந்தும் இருப்பதைப் பார்க்கலாம். முன்னால் எடுத்தது நல்லது, பின்னால் எடுத்தது சுமார் என்பது அங்கே கண்ணால் காணும் உண்மை.

மேற்கில் கையெழுத்தும் எண்ணும் வழக்கமானது அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். புகைப்படமும் இயந்திர அச்சும் வந்து, எந்தப் படத்தையும் எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்கலாம் என்றான பிறகுதான் 'நான் இத்தனைதான் எடுப்பேன்' என்று சொல்ல வேண்டிய தேவை வந்திருக்கிறது. சொன்னதை நிரூபிக்க ஒரு சடங்கும் உண்டு: கடைசிப் பிரதி எடுத்ததும் தகட்டின் குறுக்கே ஆழமாகக் கோடு கிழித்துவிடுவார்கள். இனி எடுத்தால் படத்தின் மேல் வெட்டுக் கோடும் சேர்ந்து விழும். ரெம்பிராண்டின் தகடுகளுக்கு அந்தக் கதி நேரவில்லை. அவர் போன பிறகும் கைமாறிக் கைமாறி அவற்றிலிருந்து படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

என் கோப்பின் குறுக்கே எப்படிக் கோடு கிழிப்பது? அழிக்கலாம். ஆனால் அது மடிக்கணினியில் இருக்கிறது, ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது, கிளவுடில் இருக்கிறது, சென்னையில் அச்சடித்துத் தரும் லேபின் கணினியிலும் இருக்கிறது. அழித்தேன் என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும், அவ்வளவுதான். நூறோடு நிறுத்தினேன் என்பதை நம்புவதும் அதே நம்பிக்கைதானே. கோடு கிழித்த தகடு சாட்சி சொல்லும். என் விஷயத்தில் சாட்சியும் நானே, பிரதிவாதியும் நானே.

இந்தக் கேள்வி இங்க்ஜெட்டோடு பிறந்தது. 1990களின் தொடக்கத்தில், கிரஹாம் நாஷ் என்ற ராக் பாடகர் நடத்திய அச்சகத்தில் பெரிய இங்க்ஜெட் இயந்திரத்தில் ஓவியர்களுக்குப் படம் எடுத்துக் கொடுத்தார்கள். 'இங்க்ஜெட்' என்றால் ஆபீஸ் சமாச்சாரமாக இருக்கிறதே என்று, அங்கே வேலை பார்த்த ஜாக் டுகன் 1991இல் 'ஜிக்லே' என்றொரு பெயர் வைத்தார். பீய்ச்சுவது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து எடுத்தது. பெயர் மாறியதும் விலையும் மாறியது. இன்று என் லேபும் ரசீதில் ஜிக்லே என்றுதான் போடுகிறது. நானும் கடைப் பக்கத்தில் கொஞ்சகாலம் அப்படி எழுதியிருந்தேன். ஒரு வாடிக்கையாளர் "ஜிலேபி பிரிண்ட்டா?" என்று கேட்டதிலிருந்து, பருத்திக் காகிதத்தில் நிறமி மை என்று நேராக எழுதுகிறேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். காசைத் தொடாமல் கலையின் அறம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். எண்ணிட்ட ஏ3 பிரதியின் விலை 1800 ரூபாய். அச்சுக்கு 560, குழாயும் பேக்கிங்கும் 85, கூரியர் சராசரியாக 110, பணம் வசூலித்துத் தரும் நிறுவனம் 42 எடுத்துக்கொள்ளும். கையில் நிற்பது 1003. நூறும் விற்றால் ஒரு லட்சம். ஆனால் நூறு விற்க ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். எண் போடாத சின்ன ஏ4 படங்களும் உண்டு. 450 ரூபாய், கையில் நிற்பது இருநூற்றுச் சொச்சம். ஏ3 அளவில் எண் போடாமலும் விற்றுப் பார்த்திருக்கிறேன். 1200க்கு மேல் யாரும் வாங்கவில்லை. அதே காகிதம், அதே மை. ஆக, அந்தப் பென்சில் எழுத்துக்கு மட்டும் 600 ரூபாய்.

600 ரூபாய்க்கு நான் என்ன விற்கிறேன் என்பதுதான் என்னை நெடுநாள் குடைந்த கேள்வி. பத்தமடைப் பாய் அபூர்வம் என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. கோரையை அவ்வளவு நுணுக்கமாகக் கீறி நெய்ய நாளாகும், நெய்கிற கைகளும் குறைவு. என் படம் அபூர்வமாக இருப்பதற்கு ஒரே காரணம், அப்படி இருக்கட்டும் என்று நான் முடிவு செய்தது. இல்லாத பஞ்சத்தை உண்டாக்கி விற்பது பதுக்கல்காரன் செய்கிற காரியம் இல்லையா?

பதுக்கல்காரனுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் முதலில் பொருளில் இருக்கிறது. அரிசி இல்லாமல் இருக்க முடியாது. படம் இல்லாமல் தாராளமாக இருக்கலாம். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆனால் இதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. பதுக்கல்காரன் 'சரக்கு இல்லை' என்று பொய் சொல்கிறான். 'இன்னும் 2 மட்டுமே உள்ளன' என்று சிவப்பில் மினுக்கும் இணையக் கடைகளும், பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் பத்து நிமிடத்திலிருந்து இறங்கத் தொடங்கும் கடிகாரங்களும் சொல்வது அதே பொய்தான். நான் 'எடுக்க முடியாது' என்று சொல்வதில்லை. 'எடுக்க மாட்டேன்' என்கிறேன். முடியாது என்பது உலகத்தைப் பற்றிய தகவல். மாட்டேன் என்பது என்னைப் பற்றிய வாக்கு.

டேவிட் ஹியூம் வாக்குறுதிக்கு இயற்கையில் வேர் கிடையாது என்றார். மனிதர்கள் கூடி வாழ்வதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது, ஆகவே செயற்கையானது. ஆனால் செயற்கை என்பதாலேயே அது போலியாகிவிடாது. சட்டைப்பையில் இருக்கும் நூறு ரூபாய் நோட்டும் ஒரு செயற்கைதான். ரிசர்வ் வங்கி ஆளுநர் 'தருவேன்' என்று கையெழுத்திட்ட காகிதம். (ஒரு ரூபாய் நோட்டில் அந்த உறுதிமொழி கிடையாது, எடுத்துப் பாருங்கள்.) நோட்டை இஷ்டத்துக்கு அடித்தால் என்ன ஆகும் என்பதைச் சந்தையில் எல்லோரும் அறிவார்கள். தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். கடைவீதியில் நின்று மொழி கற்றுக்கொண்டவர்கள்தான் அதைச் செய்திருக்க வேண்டும். வள்ளுவர் வணிகருக்குச் சொல்லும் குறள்கூடப் பணம் சேர்ப்பது பற்றிய அதிகாரத்தில் இல்லை, நடுவுநிலைமையில் இருக்கிறது.

அமெரிக்காவில் 1990இல் ஓவியர் உரிமைச் சட்டம் ஒன்று வந்தது. அதன்படி ஓர் அச்சுப் படம் 200 பிரதிகளுக்குள் இருந்து, ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணும் கையெழுத்தும் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு கிடைக்கும். 201ஆவது பிரதி எடுத்தால் மொத்தமும் வெறும் அச்சுச் சரக்காகிவிடும். சிரிப்பாக இருந்தாலும், வாக்குக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் நம் ஊர் இன்னொரு பக்கம் இழுக்கிறது. ரவிவர்மா 1894இல் மும்பையில் அச்சகம் தொடங்கி லட்சுமியையும் சரஸ்வதியையும் வீட்டுக்கு வீடு கொண்டுபோனார். கோவில்பட்டியில் கொண்டையராஜூவும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசியில் அச்சாகி, ஜவுளிக்கடைப் பெயரையும் நகைக்கடைப் பெயரையும் காலடியில் தாங்கிக்கொண்டு தமிழ்நாடு முழுக்கப் போயின. அந்தக் காலண்டர் லட்சுமிக்கு எண் கிடையாது. எத்தனையாவது பிரதி என்று எவரும் கேட்டதில்லை. வருடம் முடிந்ததும் தேதித்தாளைக் கிழித்துவிட்டு, படத்தைச் சட்டம் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்தார்கள்.

பெருக்கினால் கலைப்பொருளின் ஒளிவட்டம் மங்கிப்போகும் என்று வால்டர் பெஞ்சமின் 1930களில் எழுதினார். அவர் அதை முழுக்க நஷ்டமாகவும் நினைக்கவில்லை. அவரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பாட்டி வீட்டுப் பூஜை அலமாரி ஞாபகம் வரும். அங்கே ஒளிவட்டம் படத்திலிருந்து வரவில்லை, விளக்கிலிருந்து வந்தது. லட்சத்தில் ஒன்றாக வீட்டுக்குள் நுழைந்த காகிதம், முப்பது வருடம் ஒருத்தி முன்னால் நின்றதில் ஒன்றேயொன்றாகிப் போனது. அப்படியானால் என் பின்னம் எதற்கு? வாங்கியவர் வாழ்ந்துதான் படத்தை ஒற்றையாக்க வேண்டும் என்றால், நான் முன்கூட்டியே பென்சிலால் எழுதிக் கொடுப்பது வெறும் 600 ரூபாய் வித்தைதானா?

இந்த இரண்டு பக்கமும் வெறும் யோசனையாகவே இருந்திருக்கும், தங்கம் தியேட்டர் படம் மட்டும் இல்லையென்றால்.

தங்கம் தியேட்டரை மதுரைக்காரர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் இருந்தது. 1952 தீபாவளிக்குப் பராசக்தியோடு திறந்தார்கள். 2500க்கும் மேற்பட்ட இருக்கைகள்; ஆசியாவிலேயே பெரிது என்று ஊரில் பெருமையாகச் சொல்வோம். இப்போது கட்டடம் இல்லை. பழைய புகைப்படங்களையும் என் அப்பாவின் ஞாபகத்தையும் வைத்து ஐந்து வாரம் உட்கார்ந்து வரைந்தேன். நூறு பிரதி, ஏ3 மட்டும், வேறு அளவில் வராது, 'ஓவியர் பிரதி' என்று தனியாக எதையும் ஒதுக்கவில்லை என்று பக்கத்தில் எழுதினேன். அந்தக் கடைசி வரியை எப்போதும் எழுதுவேன். எண்ணுக்கு வெளியே பத்துச் சதவீதம் வரை ஓவியர் தனக்கென்று வைத்துக்கொள்வது உலக வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் எனக்கு அது கொல்லைப்புறக் கதவு மாதிரித் தெரிகிறது. நூறும் பதினான்கு மாதத்தில் தீர்ந்தது.

தீர்ந்து அரை வருடம் கழித்து ஒருவர் போன் செய்தார். அவருடைய அப்பா அந்தத் தியேட்டரில் இருபது வருடத்துக்கு மேல் வாசலில் நின்று டிக்கெட் கிழித்தவர். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார், வெளியே போவதில்லை. பேரன் செல்போனில் படத்தைக் காட்டியிருக்கிறான்.

"அதுல லெப்ட்ல ஒரு கேட்டு இருக்குல்லக்கா, அங்கதான் அப்பா நிப்பாராம். அது ஒண்ணு வேணும்னு புள்ள மாதிரி கேக்குறாரு. எவ்ளோன்னாலும் குடுத்துர்றேன்."

தீர்ந்துவிட்டது என்றேன். "கம்ப்யூட்டர்ல இருக்குமுல்லக்கா?" என்றார். இருக்கிறது. அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

வீட்டில் எல்லோரும் ஒரே கட்சி. நம்பர் போடாம ஒண்ணு எடுத்துக் குடு, யாருக்குத் தெரியப் போகுது என்றார் கணவர். அத்தை கேட்டது இன்னும் கூர்மையானது: "ஒரு கெழவன் ஆசையவிட உன் கணக்கு பெருசாடி?"

யாருக்கும் தெரியாது என்பதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. என் எண்ணை எவராலும் சரிபார்க்க முடியாது என்பதால்தான் அது வாக்காக இருக்கிறது. தெரியாது என்பதற்காகவே மீறலாம் என்றால், நான் விற்ற நூறும் அந்த நிமிடமே காலி. அத்தையின் கேள்வியை அப்படி உதற முடியவில்லை. ஆனால் யோசித்தபோது ஒன்று புரிந்தது. வாக்கைக் கொடுத்தது நான் என்றாலும், கொடுத்த பிறகு அது என்னுடையது இல்லை. வாங்கியவர்களுடையது. அதைத் தளர்த்தும் உரிமையும் அவர்களுக்குத்தான். ஆகவே அவர்களிடமே கேட்டேன். சிலர் இரண்டு பிரதி வாங்கியிருந்ததால் மொத்தம் 91 பேர். விஷயத்தைச் சொல்லி, எண் இல்லாமல், விற்பனைக்கு அல்லாமல் ஒரே ஒரு பிரதி எடுத்து அந்தப் பெரியவருக்குக் கொடுக்கலாமா என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன்.

58 பேர் பதில் போட்டார்கள். 57 பேர் தாராளமாக என்றார்கள். சிலர் தங்கள் தங்கம் தியேட்டர் கதையை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். ஒருவர் மட்டும் ஒரே வரி: மன்னிக்கவும், நூறு என்றால் நூறு என்று நினைத்துத்தான் வாங்கினேன்.

காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் அச்சடிக்கவில்லை.

கணவருக்குக் கோபம். "அம்பத்தேழு பேரு சொன்னது பெருசில்ல, ஒருத்தன் சொன்னதுதான் பெருசு, அப்படித்தான?" ஆமாம், அப்படித்தான். இது தேர்தல் இல்லை. 91 பேருக்கும் சேர்த்து ஒரு வாக்கை நான் கொடுக்கவில்லை. 91 வாக்குகள் கொடுத்தேன். 57 பேர் தங்களுடையதை விட்டுக்கொடுத்தார்கள், அது அவர்கள் பெருந்தன்மை. அடுத்தவருடையதை அவர்கள் விட்டுக்கொடுக்க முடியாது. அந்த ஒருவர் மறுத்திருக்காவிட்டாலும், பதில் போடாத 33 பேர் இருக்கிறார்கள். மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சிலேயே சந்தேகத்துக்குரிய வாசகம்.

அந்த மனிதர் அற்பமானவராகவும் இருக்கலாம். பின்னாளில் விலை ஏறும் என்று கணக்குப் போட்டவராக இருக்கலாம். அல்லது வாழ்க்கையில் அவருக்குச் சொன்ன சொல்லை எல்லோரும் 'நல்ல காரணத்துக்காக' மீறியிருக்கலாம். காரணம் எனக்குப் பிடித்திருந்தால் வாக்கைக் காப்பாற்றுவேன், பிடிக்காவிட்டால் மாட்டேன் என்றால், நான் கொடுத்தது வாக்கே இல்லை. என் மனநிலையைக் கடனாகக் கொடுத்திருக்கிறேன். மருந்தாக இருந்திருந்தால் கேட்காமலே கொடுத்திருப்பேன். படம் மருந்து இல்லை. அந்தப் பெரியவருக்கு ஏறக்குறைய மருந்துதான் என்று அத்தை சொன்னார். அதற்கு இன்றைக்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை. அதற்காக முடிவை மாற்றவும் தோன்றவில்லை.

மகனுக்கு போன் செய்து நடந்ததை அப்படியே சொன்னேன். கொஞ்சநேரம் பேசவில்லை. "சரிக்கா, விடுங்க" என்று வைத்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. என் கடைப் பக்கத்திலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பக்கத்து ஃபிளெக்ஸ் கடையில் பெரிதாக அடித்து, சட்டம் போட்டு மாட்டியிருந்தார். நான் பார்த்துப் பார்த்து வைத்த சாயங்காலச் சாம்பல் நிறம் பளீரென்ற ஆரஞ்சாகியிருந்தது. கோடெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. இடது கேட்டின் மேல் யாரோ சந்தனம் வைத்திருந்தார்கள். கீழே நாற்காலியில் பெரியவர்.

கோபம் வரவில்லை. டீ-ஷர்ட் கம்பெனி ஒன்று என் வேறொரு படத்தைத் திருடி விற்றபோது வந்த கோபத்தில் கால்வாசிகூட இல்லை. சொந்தப் பயன்பாட்டுக்குச் சட்டமே ஓரளவு இடம் கொடுக்கிறது. அதையும் நான் எடுத்துப் பார்க்கவில்லை. 'நான் நூறுக்கு மேல் எடுக்க மாட்டேன்' என்பதுதான் நான் கொடுத்த வாக்கு. உலகத்தில் நூறுக்கு மேல் இருக்காது என்று கொடுக்க எனக்கு அதிகாரம் ஏது? மறுத்தவருடைய நூறு நூறாகவே இருக்கிறது. காலண்டர் லட்சுமியைப் போல இன்னொன்று தன் பாட்டுக்கு ஒரு சுவரில் ஏறிவிட்டது. இதில் நியாயம் எப்படிச் சரியானது என்று என்னால் படி படியாகச் சொல்ல முடியாது. நான் கொடுத்திருந்தால் தப்பாகியிருக்கும் ஒன்றை, அவர்களே எடுத்துக்கொண்டபோது தப்பாகவில்லை. அத்தை மட்டும் "இதுக்கு நீயே நல்லதா ஒண்ணு குடுத்திருக்கலாம்" என்றார்.

அடுத்த நாள் மகன் மறுபடி பேசினார். கொஞ்சம் தயக்கம். "ஒண்ணுமில்லக்கா, படத்துல உங்க கையெழுத்து இல்லியாம், அப்பா சொல்லிட்டே இருக்காரு. ஒரு வெள்ளப் பேப்பர்ல கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புனீங்கன்னா ஒட்டிக்குவோம்."

எனக்கு சல்வடோர் டாலி ஞாபகம் வந்தது. கடைசிக் காலத்தில் ஆயிரக்கணக்கான வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பிறகு அதில் யார் யாரோ எதையெதையோ அச்சடித்தார்கள். இன்றுவரை டாலியின் அச்சுப் படங்கள் என்றாலே வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பது அதனால்தான். வெற்றுத் தாளில் கையெழுத்து என்பது எங்கள் தொழிலில் செய்யக்கூடாத காரியங்களில் முதலாவது.

வெற்றுத் தாள் அனுப்பவில்லை. பெரியவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஐயா, நீங்கள் நின்ற கேட்டை அப்பா சொன்ன ஞாபகத்தை வைத்துத்தான் வரைந்தேன், கேட்டுக்கு மேல் வளைவு இருந்ததா சதுரமா என்று எனக்கு இன்னும் சந்தேகம், நீங்கள் சொன்னால் தெரிந்துகொள்வேன் என்று ஒரு பக்கம். கடிதம் என்றால் அடியில் கையெழுத்துப் போட்டுத்தானே ஆக வேண்டும். போட்டேன். கீழே நிறைய இடம் விட்டிருந்தேன், கத்தரிக்க வசதியாக.

பத்து நாளில் மகன் கைப்பட எழுதிய பதில் வந்தது. அப்பா சொல்லச் சொல்ல எழுதியதாம். சதுரம்தான், வளைவு எதிர்ப்பக்கத்துக் கேட்டில்.